குடையைத் திருப்பிக் கொடுக்கிறேன்

வருகிற சனிக்கிழமை ராத்திரியோடு என் முகநூல் கணக்கை மூடுகிறேன். கொஞ்ச நாள் முடக்கி வைத்துவிட்டு, ஏக்கம் தாங்காமல் திரும்பி வருகிற கதை இல்லை, ஒரேயடியாக அழிப்பது. இன்ஸ்டாகிராமைப் போன மாதமே அழித்தாயிற்று, யாரும் கவனிக்கவில்லை. அதில் மொத்தமே பதினொரு படம்தான் போட்டிருந்தேன், ஏழு எங்கள் வீட்டுப் பூனை. இங்கே அப்படி இல்லை. 2010லிருந்து இருக்கிறேன். பாதிப் பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், மீதிப் பேரோடு சமாதானம் ஆகியிருக்கிறேன், அப்பா தவறிய அன்று ராத்திரி தூக்கம் வராமல் முதலில் எழுதியது இங்கேதான். சொல்லாமல் கொள்ளாமல் போவது முறையில்லை. ‘போறேன்னு சொல்றவன் போக மாட்டான்’ என்று ஒரு கமெண்ட் எப்படியும் வரும், அதையும் நானே போட்டுவிட்டேன்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்க் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் உள்ளே போகிற துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர்தான். 1906ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். அதுவரை அந்தத் தடம் முழுக்க பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கையில். போட்டி வந்ததும் அவன் கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள், அவன் இன்னும் குறைத்தான். கடைசியில் டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஏறினால் ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். குடையா! வாத்தியாரும் சிரித்தார். காசு வாங்காமல் ஆள் ஏற்றுகிறவன் அந்தக் காசை வேறு எங்கேயோ வசூல் பண்ணுவான் என்பது அந்த வயதில் புரியவில்லை. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911ல் கம்பெனி கலைந்தது. அந்த கம்பெனியின் கலியா என்ற கப்பலைக் கடைசியில் எதிராளிக்கே விற்றுவிட்டார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் வயிறெரிந்து சொல்வார்கள்.

அந்தக் குடையை நான் மறுபடி பார்த்தது 2015ல். இன்டர்நெட் டாட் ஆர்க் என்ற பெயரில் ஃபேஸ்புக் கொண்டுவந்தது, பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். இந்தியாவில் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏழைகளுக்கு இலவச இணையம் என்றார்கள். இணையம் என்றால் முழு இணையம் இல்லை, ஃபேஸ்புக்கும் அவர்கள் அனுமதிக்கிற சில தளங்களும், அவ்வளவுதான். ‘இலவசமாத் தர்றதை ஏன்யா தடுக்கிறீங்க’ என்று நானே இங்கே ஒருவரோடு மல்லுக்கட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பதிவு இன்னும் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். நல்ல வேளை, என்னைவிட விவரமான லட்சக்கணக்கான பேர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மெயில் எழுதினார்கள், 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அதற்குத் தடை போட்டது. நாம் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதே 2016ல் அது மியான்மருக்குப் போனது. அங்கே உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் முதன்முதலாகக் கிடைத்த போனில் முதன்முதலாகத் திறந்ததே ஃபேஸ்புக்தான் என்ற நிலையில் இருந்த ஜனங்கள் அவர்கள். பெரும்பாலானவர்களுக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான் என்று ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழுவே 2018ல் எழுதியது. அங்கே சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களைப் பூச்சி, புழு, நாய் என்றெல்லாம் எழுதினார்கள், அது வீடு வீடாகப் பரவியது. 2017 ஆகஸ்டிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்கு ஓடினார்கள். கொன்றது ராணுவம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் வருஷக்கணக்காகக் காற்றில் கலந்த விஷத்தைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

மியான்மர் தூரம் என்பவர்களுக்காக, எதிர்க்கரையைப் பற்றியும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் ஒரு வாரம் கொழும்பிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு வாட்ஸ்அப்பில் வர வேண்டிய பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்கு ரசீது, நகல் எதுவுமே வரவில்லை. ஒற்றை டிக்கோடு செய்திகள் அப்படியே நின்றன. அங்கே கண்டி மாவட்டத்தில் திகன பக்கம் முஸ்லிம்களின் வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் கொளுத்தப்பட்டுக்கொண்டிருந்தன. கொளுத்தச் சொல்லி ஃபேஸ்புக்கில் பரவியதை நிறுத்த வழியில்லாமல் இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மொத்தமாக அடைத்துவிட்டது. ‘நகலை மெயில்ல அனுப்பச் சொல்லுங்கப்பா’ என்று எரிச்சல்பட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம். இரண்டு வருஷம் கழித்து, 2020 மே மாதம், தன் தளம் இதற்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியை நான் எங்கே படித்தேன்? ஃபேஸ்புக்கில். லைக் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போனேன்.

அப்போதே போயிருக்க வேண்டியவன், இவ்வளவு காலம் ஏன் இருந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. பழக்கம். எட்டு மணி நேரம் கன்டெய்னர் நம்பர்களைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு திண்ணை. வேறென்ன சொல்ல.

இப்போது கிளம்ப வைத்தது என் மகள். பதினொன்றாம் வகுப்பு. இன்ஸ்டாகிராம் வேண்டும் என்றாள், வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் வைத்திருக்கிற மெட்டா கம்பெனியின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் 2021ல் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களைப் பற்றிச் சொன்னேன். தங்கள் உடம்பைப் பற்றிப் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இருக்கிற மனக்குறையை 3ல் ஒருத்திக்கு இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று கம்பெனியின் சொந்த ஆய்வே சொன்னது, தெரிந்தும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். பொய்த் தகவலைத் தடுக்கச் செலவழித்ததில் 87 சதவீதம் ஆங்கிலத்துக்கே போனது, ஆங்கிலம் பேசுகிறவர்களோ 9 சதவீதம்தான் என்றும் அந்த அம்மா சொன்னார். மீதி 13 சதவீதத்தில் உலகத்தின் மற்ற எல்லா மொழிகளும், அதில் ஒரு மூலையில் நம் தமிழ். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “இவ்ளோ தெரிஞ்சும் நீங்க மட்டும் ஏம்ப்பா இருக்கீங்க?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

சரி, நான் ஒருத்தன் போவதால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த கம்பெனியின் 2024 வருமானம் 16,450 கோடி டாலர், அதன் ஏதாவது ஒரு செயலியைத் தினமும் திறக்கிறவர்கள் 300 கோடிக்கும் மேல். 2020 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள், அதில் பன்னாட்டு ஜாம்பவான்களும் உண்டு, வெறுப்புப் பேச்சைக் கண்டித்து விளம்பரத்தை நிறுத்தின. அந்தக் காலாண்டிலேயே வருமானம் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் கூடியது! கோகோ கோலாவால் ஆகாதது என் பதினாறு வருஷப் புலம்பலை அழிப்பதால் ஆகிவிடுமா?

இந்த இடத்தில் மறுபடியும் ஊர்க் கதைதான் ஞாபகம் வருகிறது, ஆனால் குடைக் கதை இல்லை. 1908 பிப்ரவரி கடைசியில் இங்கே கோரல் மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். ஊர் சேர்ந்துகொண்டது. பத்து நாளைக்குள்ளேயே கூலி 50 சதவீதம் ஏறியது. கப்பல் தோற்றது, வேலைநிறுத்தம் ஜெயித்தது. அங்கே முதலாளிக்கு எது இல்லாமல் ஆகாதோ அது தொழிலாளிகளின் கையில் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். 2018ல் கூகுள் ஊழியர்கள் ஏறத்தாழ 4,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள், ட்ரோன் எடுத்த காட்சிகளை அலசித்தர அமெரிக்க ராணுவத்தோடு போட்ட மேவன் ஒப்பந்தத்தை கம்பெனி புதுப்பிக்காமல் விட்டது. 2024 ஏப்ரலில் இஸ்ரேல் அரசுக்கு கிளவுட் சேவை தருகிற நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து ஆபீஸுக்குள் உட்கார்ந்தார்கள், இந்தத் தடவை ஏறத்தாழ 50 பேரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய கம்பெனியின் தலைவர் மதுரையில் பிறந்தவர், அந்தப் பெருமையையும் நாம் அடிக்கடி இங்கே ஷேர் பண்ணுகிறோம். அவர்கள் இழந்தது சம்பளம். நான் இழக்கப்போவது லைக். ஆகவே என்னை யாரும் தியாகி ஆக்கிவிட வேண்டாம், மாலை எல்லாம் வேண்டாம்.

என் சித்தி மகள் மக்ரூன் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். முட்டை வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரிப் பருப்பும், எங்கள் ஊர் மக்ரூன், சொன்னாலே நாக்கு ஊறும். கணவருக்கு உப்பளத்தில் வேலை, மழை மாதங்களில் அது கிடையாது. நான் கணக்கை மூடப்போவதைச் சொன்னதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “நீங்க தாராளமா மூடுங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணாந்தேதி விடிஞ்சா சம்பளம். எனக்கு ஆர்டர் வர்றதே அதுலதான். நீங்க மூடுறது நியாயம்னா நான் வச்சிருக்கிறது அநியாயமா?” இல்லை என்றேன். அந்தக் காலத்தில் குடையை வாங்கிக்கொண்டு இலவசமாக ஏறினவர்களில் கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார். விட முடிகிறவன் விட வேண்டும், நான் சொல்வது அவ்வளவுதான். இதை அவளிடம் இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை, உளறினேன்.

விட முடியாதவையும் இருக்கின்றன, மறைக்கவில்லை. வாட்ஸ்அப்பை விட முடியவில்லை. ஆபீஸ் முழுக்க அதில்தான், மகள் பள்ளிக்கூட அறிவிப்பும் அதில்தான், அம்மாவின் காலை வணக்கமும் அதில்தான். அதுவும் இந்த கம்பெனியுடையது, 2014ல் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரமே கூடாது என்று சொல்லி அதைக் கட்டிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், விற்று வெளியே வந்த பிறகு, 2018 மார்ச்சில் ஃபேஸ்புக்கை அழியுங்கள் என்று அவரே ட்வீட் போட்டார். கலியா கப்பலை விற்றவரே கரையில் நின்று ஏறாதே ஏறாதே என்று கத்தின மாதிரி. அந்தப் பணத்தில் 5 கோடி டாலரை, வாட்ஸ்அப் மாதிரியே இன்னொரு செய்திச் செயலியான சிக்னலின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார், அதற்காகப் பாதி மன்னிக்கலாம்.

அம்மா போனில் சிக்னல் போட்டுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. “ஏய்யா, இதுல நான் மட்டும்தான் இருக்கேன். ஆளில்லாத வீட்டுல விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு. நீ அந்தப் பச்சையிலேயே வா.” பச்சையிலேயே போனேன்.

ஆண்ட்ராய்டு போன், ஜிமெயில், மேப் இவை எல்லாம் கூகுள். விடவில்லை. சுதேசியாக ஒன்றுக்கு மாறு என்பார்கள். 2025 கடைசியில் எல்லோரும் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலிக்கு ஓடியபோது நானும் ஓடினேன், பெயரே தமிழ், செய்தவர்கள் பக்கத்துத் தென்காசியில் ஆபீஸ் வைத்திருப்பவர்கள். ஆனால் அந்தச் சமயம் அதில் எழுதும் செய்திகளுக்கு, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுகிற முழு மறையாக்கம் இல்லை, அழைப்புகளுக்கு மட்டும்தான் இருந்தது. சுதேசி என்ற ஒரே காரணத்துக்காக என் கடிதத்தை ஒட்டாத உறையில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கப்பல் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துத்தானே ஏற வேண்டும்.

நடைமுறை கேட்கிறவர்களுக்கு: அமைப்புகளுக்குள் போய் முதலில் உங்கள் தகவல்களின் நகலை இறக்கிக்கொள்ளுங்கள், தயாராக நேரம் எடுக்கும். நான் இறக்கிவிட்டேன். அப்பாவின் படத்தைத் தேடித் தனியாக எடுத்து வைத்தேன், லுங்கியோடு முத்துநகர் கடற்கரையில் பட்டாணிப் பொட்டலத்தோடு நிற்பார். அதன் கீழே 43 பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் நான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை. அந்த நால்வரின் பக்கங்களை நான் இனிப் பார்க்க முடியாது. இது ஒன்றுதான் உண்மையிலேயே வலிக்கிறது, மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை.

அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் தவணை உண்டு. அதற்குள் உள்ளே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி. என்னை எனக்குத் தெரியும், பத்தாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கை துறுதுறுக்கும். அதனால் பாஸ்வேர்டை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி மகளிடம் கொடுக்கப்போகிறேன். சும்மா செய்ய மாட்டாளாம். கூலியாக அத்தையிடம் சொல்லி ஒரு கிலோ மக்ரூன் வாங்கித்தர வேண்டுமாம், ஆர்டரை இன்ஸ்டாகிராமில்தான் எடுப்பாள் என்று சொன்னேன், “அப்போ நேர்ல போய் வாங்கிட்டு வாங்க” என்கிறாள்.