7 அங்குல ரிம்முக்கு 245 டயரா?

“டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரின் கம்பெனி ரிம்மிலேயே 245 டயர் போடலாம், அகலம் கூடினால் பிடிப்பும் கூடும்” என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அந்த 17 அங்குல ரிம்மின் அகலம் 7 அங்குலம், அதற்கு வந்தது 215/45 டயர், அதாவது அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம். 245/40க்குக் குறைந்தது 8 அங்குலம் வேணும். ஒடுங்கிய ரிம்மில் கடைக்காரர் ஏற்றித் தருவார்தான். ஆனால் பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி புடைக்கும், வளைவில் கார் நெளியும், ஸ்டியரிங் பிந்தித்தான் கேட்கும். கொழும்பு - காலி வீதியில் மழைத்தண்ணீர் நிற்கும்போது அகன்ற டயர் சீக்கிரமே மிதக்கும், அது வேற.

225/45 தாராளமாகப் பொருந்தும், விட்டம் 9 மில்லிமீற்றர்தான் கூடும். உண்மையில் பிடிப்பு குறைவுக்குக் காரணம் அகலமில்லை, ரப்பர் கலவை. 86இல் முதலில் வந்தது பிரியஸ்ஸுக்கும் போட்ட மிஷெலின் பிரைமசி! 215லேயே நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் போட்டுப் பாருங்கள். 245தான் வேணுமென்றால் முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 8 அங்குல ரிம் தேடுங்கள், ஓஃப்செட்டையும் (ரிம் காரில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை) பார்த்து.