நடிகர் வரட்டும், அந்த எண்ணையும் சொல்லட்டும்

நேற்றைய கல்லூரி போதை எதிர்ப்பு உறுதிமொழி வீடியோவில், "நடிகர் வந்தார், உதவி எண் எங்கே?" என்று நான் போட்ட கமெண்டுக்காக, பொறாமை என்று திட்டுகிறவர்களுக்கு மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நடிகர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார், "போதை வேண்டாம் தம்பிகளா" என்றார், செல்ஃபிக்கு நின்றார், கிளம்பினார். முழு நிகழ்ச்சியிலும் 14446 என்ற எண்ணை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோபம் அதற்குத்தான்.

போதையை விட நினைப்பவர்களும் வீட்டாரும் இலவசமாக அழைக்கும் மத்திய அரசின் உதவி எண் அது. பேனரில் நடிகர் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. ஐந்து இலக்கத்துக்கு இடமில்லையா?

என் சித்தி பையன் பிளஸ் டூ படித்தபோது அவன் பையில் கண் சொட்டு மருந்து பாட்டில் எப்போதும் இருக்கும். செல்போன் பார்த்துக் கண் எரிகிறது என்பான், சித்தியும் நம்பினார். கஞ்சாவில் சிவந்த கண்ணை மறைக்கத்தான் அது. விஷயம் தெரிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை, போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் குறைந்த அளவு போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அது. சித்திக்கு யார் சொன்னார்கள்? அவன் பள்ளிக்கு வந்த பிரபலம், போதை எடுப்பவன் நாட்டுக்கே கேடு என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். அந்தக் கூட்டத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.

"நடிகர் வந்தால்தானே கூட்டம் வரும்?" சரி. வந்த கூட்டத்திடம் உருப்படியாக என்ன சொன்னீர்கள்? தெலங்கானாவில் 2024இல் முதல்வர் ரேவந்த் ரெட்டி, டிக்கெட் விலையை உயர்த்தக் கேட்டு வருகிற படக்குழு போதை விழிப்புணர்வு வீடியோ தர வேண்டும் என்றார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்படி வருகிற வீடியோவில் மனசு இருக்குமா? கேரளத்தில் நடிகை வின்சி அலோசியஸ் 2025இல், போதை எடுப்பவர்களோடு நடிக்க மாட்டேன் என்று மேடையிலேயே சொன்னார். பிழைப்பைப் பணயம் வைத்துப் பேசியவரைத்தான், வாய்ப்பில்லாததால் பேசுகிறார் என்று கேலி செய்தார்கள்.

"நடிகர்களே எடுக்கிறார்களே" என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. 2025 ஜூனில் சென்னையில் இரண்டு நடிகர்கள் கைதானபோது எத்தனை மீம்கள்! எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுச் சிரித்தார்கள். சித்தி அன்றைக்கே குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். இப்படிச் சிரித்தால் எந்த அம்மா வாயைத் திறந்து உதவி கேட்பார்?

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேனரில் 14446 வருகிறவரை ஒவ்வொரு வீடியோவின் கீழும் இதையேதான் எழுதுவேன்.