அழித்துப் போட்டால் பழைய பதிப்பு வருமா?

‘கச்சேரி அன்று காலையில் சுருதி ஆப்பை அப்டேட் செய்துவிடுங்கள்; சரிப்படவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி போட்டால் பழைய பதிப்பே வந்துவிடும்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஆப் ஸ்டோரும் சரி, பிளே ஸ்டோரும் சரி, உங்கள் போனுக்குப் பொருந்தும் புதிய பதிப்பைத்தான் மறுபடி தரும். அதைவிட மோசம், அழிக்கும்போது போனிலேயே சேமித்திருந்த பாட்டு வரிசையும் சுரக் குறிப்புகளும் சேர்ந்து போய்விடலாம். முதலில் அவற்றுக்கு நகல் எடுங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்பதல்ல. பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. ஒரு வாரம் முன்பே போட்டு, மேடைக்குக் கொண்டுபோகும் அதே ஸ்பீக்கரில் ஒரு மணி நேரமாவது பாடிப் பாருங்கள். அப்புறம் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஆப் ஸ்டோர் பகுதியில் அது இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில்.