டுஹோல்ஸ்கி குறிவைத்தது நீதிபதிகளை

குர்ட் டுஹோல்ஸ்கி என்றால் "நாஜிகளைக் கிண்டலடித்த ஜெர்மன் எழுத்தாளர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாஜிகளையும் அடித்தார்தான். ஆனால் 1920களில் அவர் பேனா ஓயாமல் குத்தியது நீதிபதிகளையும் ராணுவத்தையும்.

காரணம் வெறும் கோபமல்ல, கணக்கு. கணிதவியலாளர் எமில் கும்பெல் 1922இல் ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை எண்ணிப் புத்தகமாகப் போட்டார். வலதுசாரிகள் செய்தவை 354. அவற்றில் 326க்குத் தண்டனையே கிடையாது. இடதுசாரிகள் செய்தவை 22. அதற்குப் பத்துப் பேருக்கு மரண தண்டனை. டுஹோல்ஸ்கியே சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். தீர்ப்பை எந்த இடத்தில் கிள்ளினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். டுஹோல்ஸ்கியின் கேலியால்தான் வைமர் குடியரசு (ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் ஜனநாயகம்) பலவீனமானது என்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கட்டும்.

எழுதிய இடம் 'வெல்ட்ப்யூனே' என்ற சின்ன வார இதழ். ஒரே ஆள் ஒரே இதழில் நாலு தடவை வந்தால் நன்றாக இருக்குமா? அதனால் நாலு புனைபெயர்கள். காட்டமான அரசியலுக்கு இக்னாஸ் ரோபெல், பாட்டுக்குத் தியோபால்ட் டைகர், புத்தக விமர்சனத்துக்கும் லேசான கட்டுரைக்கும் பீட்டர் பான்டர். முதல் உலகப் போருக்குப் பிறகு காஸ்பர் ஹவுசரும் சேர்ந்துகொண்டார்.

1931 ஆகஸ்டில் ரோபெல் பெயரில் 'படைவீரர்கள் கொலைகாரர்கள்' என்ற வரி வந்தது. வழக்குப் பாய்ந்தது இதழாசிரியர் கார்ல் ஃபான் ஒஸியெட்ஸ்கி மேல். 1932 ஜூலையில் விடுதலை: அந்த வரி குறிப்பிட்ட யாரையும் சுட்டவில்லை, அதனால் அவதூறு ஆகாது. ஆனால் ஒஸியெட்ஸ்கி அப்போது வேறொரு வழக்கில், ராணுவத்தின் ரகசிய விமானப் பணிகளை அம்பலப்படுத்தியதற்காக, ஏற்கெனவே சிறையில் இருந்தார்.

ஸ்வீடனில் இருந்த டுஹோல்ஸ்கி அந்த விசாரணைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாஜிகள் கையில் சிக்கியிருப்பார் என்பது என் கணிப்பு. கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத்தான் அது கடைசிவரை உறுத்தியது.

1933 மே மாதம் நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தியபோது இருவர் பெயரையும் சேர்த்தே கூவினார்கள். ஆகஸ்டில் டுஹோல்ஸ்கியின் குடியுரிமையும் போனது. கடலை எதிர்த்து விசில் அடிக்க முடியாது என்று நண்பருக்கு எழுதிவிட்டு, பொதுவில் வாய் மூடிக்கொண்டார். வதைமுகாமில் கிடந்த ஒஸியெட்ஸ்கிக்கு அமைதி நோபல் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1935 டிசம்பர் 21 அன்று கோத்தென்பர்க் மருத்துவமனையில் இறந்தார். ஒஸியெட்ஸ்கிக்கு நோபல் பரிசு அறிவிப்பு வந்தது அடுத்த ஆண்டு நவம்பரில்.