காசு கொடுத்துக் கதை கேட்டால் என்ன தப்பு?

லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் இன்னும் கிண்டலை விடவில்லை. "கிங்ஸ் கிராஸ்ல ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துல கேம்பிரிட்ஜ். அதை விட்டுட்டு டூர் பஸ்ல போய், கொடி பிடிச்ச அம்மா பின்னாடி ஆட்டுமந்தை மாதிரி நடந்தீங்களே மச்சான்!" ஊருக்கு வந்தால் தண்டையார்பேட்டையில் எதிர்வீட்டு அக்காவும் அதையே கேட்கிறார்: "இன்னாபா, கட்டடத்தைக் காட்ட ஒரு ஆளு, அதுக்கு வேற துட்டா?"

ஆமாம்கா, அதுக்குத்தான் துட்டு. கட்டடம் தானாகப் பேசாது.

கிளேர் கல்லூரிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1640இல் கட்டியது, கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாகக் கல் உருண்டைகள். தனியாகப் போயிருந்தால் ஒரு செல்ஃபியோடு நகர்ந்திருப்பேன். வழிகாட்டி அம்மா ஒரு உருண்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரிப் பள்ளம்! கொத்தனாருக்குக் கூலி பாக்கி வைத்தார்களாம், அவர் கணக்கைச் சரிக்கட்டிவிட்டுப் போனாராம். உண்மையோ பொய்யோ, கூலி பாக்கி என்றால் நமக்குப் புரியும். டிரினிட்டி கல்லூரி வாசலில் எட்டாம் ஹென்றி சிலையின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருப்பதையும் அவர்தான் காட்டினார். யாரோ மாணவர்கள் செய்த குறும்பு.

அடுத்தது படகுச் சவாரி. கேம் ஆறு பெயருக்குத்தான் ஆறு. அகலத்தில் நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் அளவு தேறினால் அதிகம். படகு தட்டையான அடி, துடுப்பு கிடையாது, நீளக் கழியை ஊன்றித்தான் தள்ள வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் கழி ஊன்றுபவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம் என்று உட்கார்ந்தேன். ஆனால் படகின் பின்முனைப் பலகையில் நின்ற பையன் ஒவ்வொரு தடவையும் கழியைச் சின்னதாக ஒரு திருகு திருகித்தான் உருவினான். திருகாவிட்டால் சேறு கழியைப் பிடித்துக்கொள்ளும், படகு முன்னே போய்விடும், விடாமல் தொங்கினால் ஆளோடு தண்ணீரில். குவீன்ஸ் கல்லூரியின் கணிதப் பாலம் வந்ததும் என் பக்கத்து இருக்கைக்காரர், "இதை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினாராமே" என்றார். பையன் சிரித்தான். நியூட்டன் இறந்தது 1727இல், பாலம் வந்தது 1749இல். தன் ஊர்ப் பெருமையைத் தானே ஒரு பிடி குறைத்துச் சொல்கிறவனை நம்பலாம்.

குறை இல்லாமல் இல்லை. நினைவுப்பொருள் கடையில் அரை மணி நேரம் நிறுத்தியது அநியாயம். அதைவிடப் பெரிய வருத்தம், டிரினிட்டி வாசலில் நியூட்டன் ஆப்பிள் மரத்தின் வாரிசுக்கு ஐந்து நிமிடம், கவிஞர் பைரன் வளர்த்த கரடிக்கு ஐந்து நிமிடம், நம்ம கணித மேதை ராமானுஜனுக்கு ஒரே வாக்கியம். ஆற்றிலிருந்து பார்த்தால் அந்தக் கல்லூரியின் ரென் நூலகம் நேராகத் தெரிகிறது. ராமானுஜனின் கடைசிக் காலத்துத் தாள்கள் அங்கேதான் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கண்டெடுத்தார். அதைச் சொல்ல ஆள் இல்லை.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் ஊரில் நடந்தது கதையின் பிற்பாதி. முற்பாதி நம்ம பக்கம். 1912 மார்ச்சில் ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்குச் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவு கிளார்க், வருடத்துக்கு 20 பவுண்ட்தான் சம்பளம் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். (என் ஒரு நாள் டூர் டிக்கெட் அதைவிட அதிகம்.) 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதும் இதே துறைமுகத்தில்தான். கிளார்க் வேலையில் சேர்ந்த புதிதில் குடியிருந்தது ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில். இராயபுரத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. முத்தியால்பேட்டைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் உருவாக்கியது. இராயபுரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்.

பழைய இடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் பாரம்பரிய நடை என்றாலே எல்லோருக்கும் மயிலாப்பூர்தான் ஞாபகம் வருகிறது. வடசென்னை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேங்ஸ்டர் படம் எடுக்க வருவார்கள். "கால்வாயில் படகு விடுவோம்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். விறகுப் படகு வந்த காலம் போய்விட்டது. பேசின் பிரிட்ஜ் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது, முதலில் சாக்கடையை நிறுத்தட்டும்.

நடந்தாலே போதும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இராயபுரம் ஸ்டேஷனில் ஆரம்பித்து, அருங்காட்சியகம், சைவ முத்தையா முதலி தெரு, கடைசியில் ராஜாஜி சாலையில் துறைமுக வாசல். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்றே கதை சொல்லலாம். நன்றாகப் படித்த, வாய் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் யாராவது நடத்துங்கள். இலவசமாக வேண்டாம், தலைக்கு 300 ரூபாய் வாங்குங்கள், மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது அவருக்கும் சேர்த்து நானே கட்டுகிறேன். நாள் மட்டும் ஞாயிறு காலையாக இருக்கட்டும். மற்ற நாளில் அந்தத் தெருக்களில் லோடு வண்டிக்கு நடுவே நிற்கக்கூட இடம் கிடைக்காது.