நிலத் திட்டமிடல் பிரஸ்ஸல்ஸின் கையில் இல்லை

எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை வரலாம் என்பதை பிரஸ்ஸல்ஸைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே சட்டத்தால் தீர்மானிக்கிறது என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பணிவுடன் சொல்கிறேன், இது சரியல்ல. சுற்றுச்சூழல் மதிப்பீடு போன்றவற்றில் ஒன்றியத்தின் விதிகள் திட்டங்களைப் பாதிக்கின்றன, உண்மைதான். ஆனால் திட்டத்தை வகுக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டிடமே இருக்கிறது, அதுவும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜெர்மனியில் கட்டுமானத் திட்டத்தை உள்ளாட்சி தன் சொந்தப் பொறுப்பில் வகுக்கிறது. கட்டுமானச் சட்டத்தொகுப்பின் 2-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெல்ஜியத்தில் தேசிய அரசுக்கே இந்த அதிகாரம் கிடையாது. ஃபிளாண்டர்ஸ், வலோனியா, பிரஸ்ஸல்ஸ் ஆகிய மூன்று பிராந்தியங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றியத்தின் தலைமையகக் கட்டடங்களுக்கும் பிரஸ்ஸல்ஸ் பிராந்தியத்தின் விதிகள்தான் பொருந்தும்!

நீங்களே சரிபார்க்கலாம். ஒன்றியத்தின் சட்டங்களை இலவசமாகத் தரும் யூர்-லெக்ஸ் தளத்தில் 'ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தம்' என்பதைத் திறந்து, 3, 4, 6 ஆகிய பிரிவுகளில் உள்ள அதிகாரப் பட்டியலைப் படியுங்கள். நகரத் திட்டமிடல் அதில் இல்லை. பிறகு அதே ஒப்பந்தத்தின் 192(2)-ஆம் பிரிவைப் பாருங்கள்: சுற்றுச்சூழல் கொள்கைக்காக நகர, ஊரகத் திட்டமிடலைத் தொடும் நடவடிக்கை எடுக்கவும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றத்தில் ஒருமித்த சம்மதம் வேண்டும்.