பத்தாயிரமாவது வீச்சு யாருக்கு?

(இடம்: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்ட் என்னும் சிற்றூர், தூண்டில் கடை. கல்லாவில் வயதான கடைக்காரம்மா. எதிரில், மினியாபொலிஸ் நகரிலிருந்து கைபேசியும் கையுமாக வந்து நிற்பவர்.)

வந்தவர்: நாங்கள் ஐந்து நண்பர்கள், எங்களுக்கு இருப்பது மூன்று நாள் விடுமுறை. மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீன் கட்டாயம் அகப்படும் ஏரி ஒன்றின் பெயரை மட்டும் சொல்லிவிட்டீர்களானால், உங்கள் நேரத்தை வீணாக்காமல் புறப்பட்டுவிடுவேன்.

கடைக்காரம்மா: கட்டாயம் அகப்படும் மஸ்கி இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஐயா. மீன்பிடி அருங்காட்சியக வளாகத்தில் 143 அடி நீளத்துக்குக் கண்ணாடியிழையில் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் வாய்க்குள் ஏறி நின்றே படம் எடுத்துக்கொள்ளலாம். தூண்டிலும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

வந்தவர்: நான் ஒன்றும் தெரியாமல் வரவில்லை. ஒன்று அகப்படப் பத்தாயிரம் தடவை தூண்டில் வீசவேண்டும் என்று, மஸ்கியைப் ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பத்தாயிரத்தை ஐவருக்குப் பங்கிட்டால் தலைக்கு 2,000 வீச்சு. அதை மூன்று நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 667. எங்களில் ஒருவர் அட்டவணையே போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மீன் படகில் இருக்கும்.

கடைக்காரம்மா: அந்த அட்டவணையின் நகல் ஒன்று மீனிடமும் இருக்கிறதா? நிமிடத்துக்கு ஒரு வீச்சு என்று வைத்துக்கொண்டாலும், 667 வீச்சுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும். எங்கள் கடையில் தோள்வலித் தைலமும் இருக்கிறது. இப்போதே எடுத்து வைக்கட்டுமா?

வந்தவர்: வலியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பத்தாயிரமாவது வீச்சை யார் வீசுவது என்பதில்தான் எங்களுக்குள் இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைக்காரம்மா: அது முடியும்வரை காத்திருந்தால் ஏரி உறைந்துவிடும்; அதற்குள் சிப்பெவா நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 15,000 ஏக்கர் பரப்பு. தீவும் திட்டும் நீரடிக் கட்டைகளுமாக, மீன் பதுங்குவதற்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு.

வந்தவர்: அதைப் பார்த்தோம், 3.9 நட்சத்திரம்தான் வாங்கியிருக்கிறது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் குழுவில் ஒருவர் 4.5க்குக் குறைந்த ஏரியில் கால் வைக்க மாட்டார். இன்னொருவருக்குப் படகுக்கூட்டம் ஆகாது. மூன்றாமவருக்குக் கரையில் நல்ல காபி வேண்டும். நான்காமவருக்குக் கைபேசி அலை எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

கடைக்காரம்மா: இத்தனையும் கிடைக்கும் இடத்துக்கு நட்சத்திர ஓட்டல் என்று பெயர், ஐயா. அந்தத் தேநீர் நிறம் சதுப்பிலிருந்து இறங்கும் சாறு. கலங்கிய நிறத்துத் தண்ணீரில்தான் மஸ்கி உச்சிவெயிலிலும் கூச்சப்படாமல் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். நட்சத்திரம் போட்டவர் குளிக்கப் போயிருப்பார் போலிருக்கிறது.

(இந்த நட்சத்திர நோயைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ஓட்டலுக்குப் போட்டார்கள், மருத்துவருக்குப் போட்டார்கள். கடைசியில் ஏரியையும் விடவில்லை.)

வந்தவர்: சரி, அங்கேயே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீவின் தென்முனையில் பெரிய மீன் இருப்பதாக என் நண்பர் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு வழி சொல்வீர்களா?

கடைக்காரம்மா: எந்த ஆண்டு குறித்தது?

வந்தவர்: தீவுக்கும் ஆண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கடைக்காரம்மா: அங்கே சில திட்டுகள் தரையோடு ஒட்டாத மிதக்கும் சதுப்புகள், மேலே மரமும் நிற்கும், காற்றடித்தால் மரத்தோடு ஊர்ந்து போகும். அவற்றில் பெரியது ஒன்று பாலத்துக்கடியில் வழியை அடைத்துக்கொள்ளும்போது, ஊரார் படகுகளை வரிசையாக நிறுத்தி, மூக்கால் முட்டித் தள்ளிவிட்டு வருவார்கள். உங்கள் நண்பர் குறித்த தென்முனை இந்நேரம் வடகரையில் இருந்தாலும் இருக்கும்.

வந்தவர்: ஏரி என்றால் நிலையாக இருக்க வேண்டாமா? மனிதர் தொல்லையே இல்லாத, இயற்கையான, அமைதியான ஏரி என்றல்லவா நாங்கள் தேடுகிறோம்?

கடைக்காரம்மா: அது இயற்கை ஏரியும் அன்று. 1923இல் அணை போட்டு ஆற்றை மறித்தபோது ஓஜிப்வே பழங்குடியினரின் ஊர் ஒன்று தண்ணீருக்குள் போயிற்று. அவர்கள் அறுவடை செய்துவந்த காட்டரிசியும் போயிற்று, முன்னோரைப் புதைத்த இடுகாடும் போயிற்று. வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீங்கள் தேடும் அமைதி எப்படி வந்தது என்பதையும் உங்கள் நண்பர் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

வந்தவர்: ... அங்கே கைபேசி அலை கிடைக்குமா?

கடைக்காரம்மா: சில இடங்களில் கிடைக்கும்.

வந்தவர்: எங்களில் இருவர் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரிக்கே போகலாம் என்கிறார்கள். அங்கே அரசாங்கமே உத்தரவாதம் தருகிறதாம். 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கி கிடையாது என்று விதிப்புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

கடைக்காரம்மா: (கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி) அது உணவுப் பட்டியல் அன்று, ஐயா. அதைவிடச் சிறிய மீனை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது 2015இல் அங்கே வந்த விதி. எங்கள் மாநிலத்தில் பெரும்பாலான ஏரிகளில் அது 40 அங்குலம்.

வந்தவர்: அப்படியானால் இங்கே பதினான்கு அங்குலம் நட்டம்.

கடைக்காரம்மா: பெட்டை மீன் ஒன்று 50 அங்குலம் வளர்வதற்குப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். இருக்கட்டும், எப்போது வருவதாக உத்தேசம்?

வந்தவர்: ஆகஸ்ட் முதல் வாரம். நல்ல வெயிலில் படம் தெளிவாக விழும்.

கடைக்காரம்மா: தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மஸ்கியைத் தேடிப் போகாதீர்கள். போராடிக் களைத்த மீன், நீங்கள் விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு நலமாகப் போவதுபோலத்தான் தெரியும். பிறகு கண்காணாத இடத்தில் செத்து மிதக்கும். படம் மட்டும் தெளிவாக இருக்கும். செப்டம்பர் கடைசியில் வாருங்கள். குளிரும், ஆனால் மீன் பிழைக்கும்.

வந்தவர்: குளிர் என்றால் ஒருவர் வரமாட்டார். அப்போது நால்வர், தலைக்கு 2,500 வீச்சாகிறது, நாளொன்றுக்கு 833. அட்டவணையை மாற்றவேண்டும்.

கடைக்காரம்மா: வராதவர் வீட்டிலிருந்தே வீசட்டும். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தூண்டில் நூலைச் சுற்றி இரையைப் படகுவரை இழுத்து முடிந்ததும் உடனே தூக்கிவிடாதீர்கள். மஸ்கி படகு வரைக்கும் பின்னாலேயே வந்து யோசித்துக்கொண்டு நிற்கும். கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, அகலமாக எட்டுப் போடவேண்டும். பல மீன்கள் அந்த எட்டில்தான் கடிக்கும்.

(நம் ஊரில் இருசக்கர வாகன உரிமத்துக்குப் போடுகிறோமே, அதே எட்டுதான், இங்கே தேர்வு அதிகாரிக்குப் பல் அதிகம்.)

வந்தவர்: அந்த எட்டு தனி வீச்சாகக் கணக்கில் சேருமா, அல்லது முந்தைய வீச்சின் தொடர்ச்சியா? எங்களுக்குள் பிற்பாடு தகராறு வரக் கூடாது.

கடைக்காரம்மா: உங்கள் ஐவரில் ஒருவருக்காவது மீன் பிடிப்பது பிடிக்குமா?

வந்தவர்: எல்லோருக்கும் மீன் பிடித்த படம் பிடிக்கும். அது போகட்டும், நீங்கள் கடைசியாக மஸ்கி பிடித்தது எப்போது?

கடைக்காரம்மா: நேற்று மாலை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், 44 அங்குலம். அளந்து பார்த்து விட்டுவிட்டேன்.

வந்தவர்: எத்தனையாவது வீச்சில்?

கடைக்காரம்மா: மூன்றாவது.

வந்தவர்: (வெகுநேரம் கைபேசியில் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) அப்படியென்றால், உங்களிடம் மிச்சமிருக்கும் 9,997 வீச்சை எங்களுக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்?